சீயக்காய் மணந்த பெரிய வெள்ளி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தட்டோனில் பிறந்தவன். இப்போது யாங்கூனில் ஒரு கைபேசிக் கடையில் வேலை செய்கிறேன். சிறு வயதில் அம்மாவோடு தவறாமல் கோவிலுக்குப் போனவன், இப்போது கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு மட்டும் போகிறேன். உடன் வேலை செய்யும் நண்பர் ஒரு ஜெபக்கூட்டத்தைச் சேர்ந்தவர். திருநாள்களைக் கொண்டாடச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை, டிசம்பர் 25 சூரிய தேவனின் நாள், நாள் பார்ப்பதைப் பவுலே கண்டித்திருக்கிறார் என்கிறார். எனக்கும் திருநாளன்று கோவிலில் நிற்கும்போது மனத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை; இரவில் தனியாக வேண்டிக்கொள்ளும்போதுதான் இறைவன் பக்கத்தில் இருப்பதாக உணர்கிறேன். அப்படியிருக்க, இந்த நாள்களை நான் ஏன் அனுசரிக்க வேண்டும்?

ஒரு வாசகர், யாங்கூன்

அன்புள்ள தம்பி,

கடிதங்களுக்கு உடனே பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் கடிதம் வந்த வாரத்தில், இயேசு இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியும், பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவான திங்யானும் ஒன்றாக வந்த ஆண்டுகள் எவை என்று பழைய நாள்காட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த அவசரம்.

நண்பரின் வாதங்களுக்காக அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பது 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஓர் உரோமைக் குறிப்பேட்டில்தான் நமக்கு முதலில் கிடைக்கிறது. அதனால் பிறப்பு பொய்யாகிவிடாது. நம் தாத்தாக்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதற்காக அவர்கள் பிறக்காமல் போய்விடவில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதியதைக் காட்டுகிறவர், அதே பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தையும் திறந்து பார்க்கட்டும். நாளைக் கடைப்பிடிக்கிறவர் ஆண்டவருக்காகவே கடைப்பிடிக்கிறார் என்று அங்கே இருக்கிறது. இதற்கு மேல் அவரோடு வாதாடாதீர்கள்.

என்னைச் சீண்டியது உங்களுடைய சொந்த வரிதான். கோவிலில் ஒன்றும் தோன்றுவதில்லை என்கிறீர்கள். தோன்றியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? உங்களுக்குச் சோறு வடித்த நாள்களில் எத்தனை நாள் மனம் பொங்கி வடித்தார் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் அரசாங்கம் விடுமுறை கொடுத்த நாளை ஒட்டி, விளக்கும் கேக்குமாக இருக்கும் இரவில் வந்து நின்றுவிட்டு, திருநாள்கள் என்னோடு பேசவில்லை என்று குறைப்படுகிறீர்கள். பிள்ளை பிறந்த வீட்டில் மட்டும் சர்க்கரை வாங்கித் தின்றுவிட்டுச் சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டாத உறவினரைப் பற்றி நம்மவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரிய வெள்ளிக்கு இந்த நாட்டில் விடுமுறை இல்லை. முதலாளியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் சில ஆண்டுகளில் திங்யான் விடுமுறையோடு அது தானாகவே கிடைத்துவிடும். திங்யானும் நம் சித்திரைப் பிறப்பும் சூரியன் மேஷத்தில் நுழைவதைப் பார்த்து வருகிறவை. ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து அசைவதில்லை. ஈஸ்டரோ நிலவைப் பார்த்து வருவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு என்பதால், மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் அது அலைந்துகொண்டே இருக்கும். எப்போதாவது இரண்டும் மோதிக்கொள்ளும். 2022இல் உயிர்ப்பு ஞாயிறும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 17 அன்று வந்தன. 2028இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14 அன்று வரும். 1995இலும் அப்படித்தான் வந்தது. அப்போது எனக்கு வயது பத்தொன்பது.

பெரிய வெள்ளியன்று அப்பத்தா தலை வாரமாட்டார், எண்ணெய் தொடமாட்டார். வீட்டில் அடுப்பு எரிவது கஞ்சிக்கு மட்டும்தான். அன்று காலை, பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டியின் பேத்திகள் இருவர் ஓர் அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். தயோ மரப்பட்டையும் கின்புன் காயும் சேர்த்துக் காய்ச்சிய தண்ணீர் அது. கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். திங்யானில் பெரியவர்களுக்குத் தலை அலசிவிடுவது அவர்கள் புண்ணியம் தேடும் வழி. ஆண்டுதோறும் அப்பத்தாவுக்கும் அலசிவிடுவார்கள். இன்று ஆண்டவர் இறந்த நாள், வேண்டாம் என்று அப்பத்தா அரைகுறைப் பர்மிய மொழியில் சொன்னார். மூத்தவள் பானையை மெல்லத் தரையில் இறக்கினாள். உள்ளே நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் நோன்பு எவ்வளவு கண்டிப்பானது என்று தெருவுக்கே தெரியட்டும் என்று நினைத்தேன்.

அப்பத்தா சிறிது நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் மாலை, பெரிய வியாழன் பூசையில், இயேசு இராயப்பர் (பேதுரு) முதலான சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியதை நாங்கள் பார்த்துவிட்டு வந்திருந்தோம். "இராயப்பரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். சின்னவள் தண்ணீர் கண்ணில் வழியாமல் அவர் நெற்றியில் உள்ளங்கையை அணையாக வைத்துக்கொண்டாள். பழுப்பு நிற நுரை காதோரமாக இறங்கிச் சேலையை நனைத்தது. அப்பத்தா தம் பிடிவாதம் ஒன்றை இவ்வாறு விட்டுக்கொடுத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. பின்னும் ஓரிரு முறைதான் கண்டேன்.

மூன்று மணி வழிபாட்டுக்குப் போகும் வழியில் இளைஞர்கள் வாளி வாளியாக ஊற்றியதில் என் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆண்டவர் இறந்த நேரத்தில் இப்படியா என்று பொருமிக்கொண்டே போனேன். அப்பத்தா ஈரத் தலையை முடிந்துகொண்டு எனக்கு முன்னால் நின்றார். சிலுவையை முத்தி செய்யக் குனிந்தபோது அவர் முடியிலிருந்து ஒரு சொட்டு, சுரூபத்தின் பாதத்தில் விழுந்தது. ஒவ்வொரு முத்தத்துக்குப் பின்பும் துணியால் துடைக்கும் பீடச் சிறுவன் அதையும் சேர்த்துத் துடைத்தான். அடுத்து நான் குனிந்தபோது மெழுகு மணத்தையும் மீறிச் சீயக்காய் மணம்.

தம்பி, அன்று எனக்குள் ஒன்றுமே தோன்றவில்லை. பசியும் குளிரும் தெருப் பையன்கள்மேல் கோபமும்தான் இருந்தன. அந்த நாளின் பொருள் எனக்குப் பிடிபட்டது பல ஆண்டுகளுக்குப் பின், அப்பத்தாவும் போன பிறகு, ஒரு பெரிய வியாழனன்று, பாதம் கழுவ இராயப்பர் முதலில் மறுத்ததை வாசிக்கக் கேட்டபோதுதான். 1995இல் நான் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் பிடிபட எனக்கு எதுவும் இருந்திருக்காது.

உங்கள் கேள்வியை விட்டு வெகு தூரம் வந்துவிட்டேன். இரவில் தனியாக வேண்டிக்கொள்வதை விட்டுவிடாதீர்கள்; அது அருமையான பழக்கம். ஆனால் அந்த நேரத்தைக் குறிப்பவர் நீங்கள், முடிப்பவரும் நீங்கள். பானையோடு யாரும் உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. வரும் பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உங்கள் பங்குக் கோவிலில் தேடுவார்கள். கூச்சத்தால் ஆள் குறைவது எங்கும் வழக்கம். நீங்கள் பெயர் கொடுங்கள். பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். நீங்கள் கடையிலிருந்து நேராகப் போங்கள்.