வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தில் கற்றதைக் கையாளும் விதம் புதுமையைப் பாதிக்குமா?

பாதிக்கும், நன்றாகவே. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் 1984-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் சேர்ந்து தொடங்கிய நும்மி கார் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டொயோட்டாவின் முறைப்படி, பிழையைக் கண்ட தொழிலாளி மேலே தொங்கும் கயிற்றை இழுப்பார். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். சரி, கயிற்றை ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளிலும் கட்டிவிடலாம். இழுத்தவரைத் திட்டாத மேலாளருக்கு எங்கே போவது? நும்மியில் பழகிய ஜெனரல் மோட்டார்ஸ் மேலாளர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறியதால், கற்றது பரவவே ஆண்டுக்கணக்கானது. என்னைக் கேட்டால், கற்று வருபவர் திரும்பியதும் எந்தப் பொறுப்பில் உட்காருவார் என்பதை ஒப்பந்தம் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். டொயோட்டாவோ அமெரிக்கத் தொழிலாளர்களோடு வேலை செய்யும் விதத்தை நும்மியில் கற்று, 1988-இல் கென்டக்கியில் தன் சொந்த ஆலையிலேயே கார் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.