முதலில் பின்விளக்கு, அப்புறம் ஹெல்மெட்

கேள்வி: வேலைக்கு சைக்கிளில் போய்வரத் தொடங்கியிருக்கிறேன். வழி முழுக்க பஸ், லாரி. திரும்பும்போது இருட்டிவிடும். கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடிய ஹெல்மெட்டைக் காட்டி, "பாதுகாப்பு வேண்டுமென்றால் இதுதான்" என்கிறார். கூடவே பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி என்று பட்டியல் நீள்கிறது. எதை வாங்க, எதை விட?

பதில்: ஹெல்மெட் அவசியம்தான். ஆனால் அது விழுந்த பிறகு உதவுகிற பொருள். இடிபடாமல் இருக்க, பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்தாக வேண்டும். அதனால் முதல் செலவு சிவப்புப் பின்விளக்குக்கு.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமன் எண்ணில் மயங்க வேண்டாம். மொத்த வெளிச்சம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும். அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. கடையிலேயே எரியவிட்டு நேர் பின்னாலிருந்து பாருங்கள், பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். மழைத் தூறலைத் தாங்க ஐபிஎக்ஸ்4 என்ற குறியாவது இருக்கட்டும். மாட்டும் இடமும் முக்கியம். நான் ஒருமுறை அருமையான விளக்கை வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினேன். கேரியரில் வைத்த பை அதை முழுசாக மறைத்திருக்கிறது. பின்னாலேயே வந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது!

பகலிலும் எரியவிடுங்கள். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் சுமார் 4,000 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எப்போதும் விளக்கெரிய ஓட்டியவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. முன்விளக்கை மட்டும் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது.

மஞ்சள் ஜாக்கெட் பகலுக்கு நல்லது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்தான் அந்த நிறத்தைப் பளிச்சிட வைக்கிறது. இரவில் அது வெறும் மஞ்சள் துணி. உங்களுக்கு வேண்டியது வண்டி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளிநிறப் பட்டை. அதையும் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்க மிதிக்க ஏறி இறங்கும் இரண்டு ஒளிக்கோடுகளைப் பார்த்தால், ஆள் சைக்கிளில் போகிறார் என்று தூரத்திலேயே புரிந்துவிடும்.

ஹெல்மெட்டுக்குள் இஎன் 1078 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரம்) என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடைக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. அளவுதான் விஷயம். வாரைப் பூட்டாமல், பின்னாலுள்ள திருகை மட்டும் இறுக்கி, குனிந்து தலையை ஆட்டுங்கள். கழன்று விழுந்தால் வேறு அளவு கேளுங்கள். முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும்.

கண்ணாடி விருப்பப்பட்டால் வாங்கலாம். திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது. ஒன்று மட்டும்: சந்திப்பில் லாரியின் பக்கவாட்டில் புகுந்து நின்றால் இந்தப் பட்டியலில் எதுவும் உங்களைக் காப்பாற்றாது. ஓட்டுநரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையா? நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

கேள்வி: அண்ணனின் பழைய ஹெல்மெட் இருக்கிறது. அவர் ஒருமுறை விழுந்திருக்கிறார். வெளியே கீறல் மட்டும்தான். நான் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்ளும், நசுங்கிய இடம் மறுபடி எழாது. மேலோடு பார்க்க நன்றாகவே இருக்கும். வாரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.