ஆலையின் கண்ட்ரோல் ரூம் ஸ்கிரீனை எப்படிச் சோதிப்பது? கேள்வி பதில்

கேள்வி: புது ஸ்கிரீன்களை ஆபரேட்டர்களிடம் காட்டினோம். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இது போதுமா?

போதாது. பிளான்ட் ஒழுங்காக ஓடும்போது எந்த ஸ்கிரீனும் நன்றாகத்தான் இருக்கும். பிளான்டைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டரில் ஒரு ஆபரேட்டரை உட்கார வைத்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வால்வை மாட்டிக்கொள்ள விடுங்கள், அலாரம் அடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தாரா, எத்தனை ஸ்கிரீன் புரட்டினார் என்று பாருங்கள். அப்புறம் நடுவில் ஸ்கிரீனை அணைத்துவிட்டு, "டேங்க் லெவல் ஏறுகிறதா, இறங்குகிறதா, இன்னும் பத்து நிமிடத்தில் எங்கே நிற்கும்?" என்று கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் சிமுலேட்டர் இல்லையே?

ஒரு நைட் ஷிப்ட் முழுக்க ஆபரேட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பேசாமல். ஒரு பிளான்டில் ஆபரேட்டர் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிழித்த காகிதத்தில் இரண்டு எண்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும் அளவு ஒரு ஸ்கிரீனில், வெளியே வரும் அளவு இன்னொன்றில், மாற்றுவதற்குள் மறந்துவிடுமாம். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அந்த இரண்டு அளவும் தனித்தனி ஸ்கிரீனில்தான் இருந்தன. எண்ணெயைப் பிரிக்கும் உயரமான கோபுரத்தில் திரவம் சுமார் 158 அடிக்கு ஏறியிருந்தபோது, லெவல் மீட்டர் 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கணக்கு உதைப்பது தெரிந்திருக்கும். திரவம் நிரம்பி வழிந்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள்.

கேள்வி: புது ஸ்கிரீன்களின் சாம்பல் நிறப் பின்னணி சோர்வாக இருக்கிறது என்கிறார்கள்.

இருக்கட்டும். ஓடும் பம்பெல்லாம் பளிச்சென்று பச்சையில் இருந்தால், சிவப்பாகும் ஒன்று கண்ணில் படாது.

கேள்வி: அலாரம் எத்தனை வந்தால் அதிகம்?

சாதாரண நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்று என்பது ஈமுவா 191 என்ற, அலாரம் அமைப்புகளுக்கான தொழில்துறை வழிகாட்டி சொல்லும் அளவு. 1994-ல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்தவை 275.

கேள்வி: விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்த விளக்குக்கு சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தில் ஒரு வால்வின் விளக்கு அணைந்திருந்தது, மூடச் சொன்ன கட்டளை போய்விட்டது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். வால்வு திறந்தேதான் கிடந்தது, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக.