ஜாமீன் கேள்வி பதில்: ரிமாண்ட் தேதியைக் குறித்து வையுங்கள்

கே: சாட்சி வலுவாக இருந்தால் ஜாமீன் கிடைக்காதா சார்?

ப: ஜாமீன் தீர்ப்பு அல்ல. நீதிபதி முதலில் பார்ப்பது, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, தடயத்தை அழிப்பாரா என்பதை. குற்றத்தின் கடுமை, பழைய வழக்குகள், உள்ளே இருந்த நாட்கள் ஆகியவற்றையும் பார்ப்பார். 'நிரபராதி' என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட நிலையான முகவரி, வேலை, குடும்பம் இவற்றுக்கான ஆவணங்களை இணையுங்கள். வணிக அளவு போதைப்பொருள் வழக்கு, பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் கதையே வேறு. 'குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருக்கிறது, வெளியே வந்தாலும் குற்றம் செய்யமாட்டார்' என்று நீதிமன்றத்துக்கே தோன்ற வேண்டும்.

கே: ஸ்டாட்யூட்டரி பெயிலுக்கு (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராததால் கிடைக்கும் ஜாமீன்) 60 நாளா, 90 நாளா?

ப: மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் 90. மற்றவற்றுக்கு 60. சில சிறப்புச் சட்டங்களில் 180 வரை போகும். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. ஆனால் மனு போட்டால்தான். போலீஸ் முந்திக்கொண்டால் போச்சு.

கே: கைதான நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்?

ப: இல்லை. நடுவர் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து.

கே: அந்த முதல் நாளைச் சேர்க்கக் கூடாதே. தீர்ப்பு இருக்கிறது.

ப: அப்படியும் தீர்ப்புகள் இருந்தன. 2023-இல் கபில் வாத்வான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முடித்துவிட்டது. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனு கையில் இருக்கட்டும்.

கே: கடைசி நாள் விடுமுறை என்றால் போலீசுக்கு ஒரு நாள் கூடும்தானே?

ப: கூடாது. 2020 ஊரடங்கிலேயே கூட்டித் தரவில்லை, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன காசி வழக்கைப் பாருங்கள்.

கே: ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை.

ப: ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால், கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் தர முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, சொந்தப் பிணைப்பத்திரத்தில் விட வேண்டும். மற்றவற்றில் தொகையைக் குறைக்க மனு போடுங்கள். வெளிமாவட்டத்துக்காரர் என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது (மோத்தி ராம், 1978). ஸ்டாட்யூட்டரி பெயில் என்றால் இழுத்தடிக்காதீர்கள், உத்தரவு வந்தும் நீங்கள் பிணைப்பத்திரம் கொடுக்காவிட்டால் காவல் தொடரும்.

கே: கைதாகும் முன்பே?

ப: முன்ஜாமீன். அமர்வு நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம்.

கே: கைதாகி 58 நாள். எப்போது மனு போடலாம்?

ப: மேலே படியுங்கள். ரிமாண்ட் தேதி!

கே: மனு போட்ட மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது.

ப: கெடு முடிந்த பிறகு போட்ட மனுதானே? கவலை வேண்டாம், உரிமை நிற்கும்.