கொட் மீனின் எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மருந்துக்கடையில் கொட் மீன் ஈரலெண்ணெய்க் குளிசை வாங்கினேன். வடதுருவத்தை அண்டிய கடலில் மாதக்கணக்கில் வெயிலே இல்லை என்கிறார்கள். அங்குள்ள மீனுக்கு இத்தனை கொழுப்பு எப்படிச் சேர்கிறது?
– வாசகி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: அந்த எண்ணெய்க்குப் பெயர் வாங்கித் தந்த ஒமேகா-3 கொழுப்பமிலங்களைக் கொட் மீன் பெரும்பாலும் தானாக ஆக்குவதில்லை. கப்பெலின், ஹெரிங் போன்ற சிறு மீன்களைத் தின்று பெறுகிறது. அவையோ துடுப்புக்காலிகள் என்னும் மிகச்சிறிய ஓட்டுடலிகளைத் தின்கின்றன. துடுப்புக்காலிகளுக்குக் கொடுப்பது பாசி.

குளிரில் கலமென்சவ்வு விறைத்துவிடாதிருக்க, தயற்றம் முதலிய நுண்பாசிகள் இளகிய தன்மையுள்ள இக்கொழுப்பமிலங்களை நிறையத் தயாரிக்கின்றன. 3 முதல் 5 மில்லிமீற்றர் நீளமுள்ள கலானஸ் கிளாசியாலிஸ் என்னும் துடுப்புக்காலி, வாயுறுப்புகளை அசைத்து நீரோட்டம் உண்டாக்கி, வந்து சேரும் தயற்றங்களின் கண்ணாடி போன்ற ஓட்டைச் சிலிக்கா பதித்த தன் பற்களால் நொறுக்குகிறது. பாசியின் ஒமேகா-3 பெரிதும் மாறாமலே அதன் உடலில் சேர, மாச்சத்தையும் புரதத்தையும் கொண்டு அது மெழுகு எசுத்தர் என்னும் எண்ணெயைத் தானே கட்டிக்கொள்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கண்ணாடியுடலின் நடுவே நீண்ட எண்ணெய்ப்பை பளிச்சென்று தெரியும். உலர்நிறையில் பாதிக்கு மேலும் கொழுப்பாக இருப்பதுண்டு. மாரி மழையை இரணைமடுக் குளம் தேக்கிச் சிறுபோகத்துக்குக் கொடுப்பது போல, சில வாரப் பாசிப் பெருக்கை எண்ணெயாக்கி, சில நூறு மீற்றர் ஆழத்தில் உண்ணாமலே குளிர்காலத்தைக் கழிக்கிறது இவ்வுயிர்.

வெயில் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. வடதுருவத்தை அண்டிய, நோர்வேக்குரிய சுவல்பார்ட் தீவுகளின் லோங்யர்பியன் நகரில் ஒக்ரோபர் இறுதி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. ஆனால் ஏப்ரலிலேயே, பனிக்கட்டியை ஊடுருவும் மங்கிய ஒளியில், அதன் அடிப்பரப்பில் பாசி படரத் தொடங்கிவிடும். அதை மேய்ந்து பெண் கலானஸ் முட்டையிடுகிறது. பனி உடைந்து திறந்த நீரில் அடுத்த பாசிப் பெருக்கு வரும்போது குஞ்சுகள் உண்ணும் பருவத்தை எட்டியிருக்கும். பனி முந்தி உருகினால் இரண்டு பெருக்குகளுக்கும் இடையிலான காலம் சுருங்கி, குஞ்சுகள் வளர்வதற்குள் தீனி தீர்ந்துபோகக்கூடும். என் பார்வையில், மீன் குறைவதைவிட முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் காலப் பிசகையே.

முல்லைத்தீவுக் கடலில் ஆண்டு முழுதும் தீனி கிடைப்பதால், நம் துடுப்புக்காலிகள் பொதுவாக இவ்வளவு எண்ணெய் சேமிப்பதில்லை. ஆயினும் மிதவையுயிர்களைத் தின்று வாழும் சூடையிலும் ஒமேகா-3 தாராளமாக உண்டு. குளிசையைவிட விலையும் மலிவு.