பதில்: லேப்டாப்பில் பாஸ், சர்வரில் ஃபெயில் ஆகும் தேதி டெஸ்ட்

எழுத்தில் உள்ள தேதியை டைம்ஸ்டாம்பாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிகளாக) மாற்றும் உங்கள் ஃபங்ஷனின் டெஸ்ட் லேப்டாப்பில் பாஸாகிறது, சர்வரில் மட்டும் விடை 19,800 வினாடி தள்ளி வருகிறது என்றீர்கள். அது சரியாக ஐந்தரை மணி நேரம். சர்வர் யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. பைத்தானில் எழுத்தைத் தேதியாகப் படிக்கும் (பார்ஸ் செய்யும்) உங்கள் ஸ்ட்ரிப்டைம் தரும் தேதியில் நேர மண்டலம் இல்லை. அதில் டைம்ஸ்டாம்ப் கேட்டால், ஓடுகிற கணினியின் மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும். பார்ஸ் செய்த கையோடு ஸோன்இன்ஃபோ என்ற பைத்தானின் நேர மண்டல மாட்யூல் மூலம் இந்திய மண்டலத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், மற்ற டெஸ்டுகளில் எதிர்பார்க்கும் மதிப்பையும் டெஸ்ட் செய்யப்படும் அதே ஃபங்ஷனை வைத்தே கணக்கிடுகிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தவறு நடந்தால் டெஸ்ட் பாஸாகிவிடும். விடையை நேரடியாக எழுதுங்கள். 05/05/2024 என்ற உதாரணமும் போதாது, நாளும் மாதமும் இடம் மாறினால் தெரியாது. 05/03/2024 கொடுத்து மார்ச் 5 வருகிறதா பாருங்கள். 29/02/2023 என்ற தேதியே இல்லை, அதற்கு வேல்யூஎரர் (தவறான மதிப்பு என்ற பைத்தான் பிழை) வர வேண்டும்; அதற்குத் தனி டெஸ்ட், காரணம் பெயரிலேயே தெரியும்படி.