பழைய பதிவைத் துடைக்க ஆள் வைக்காதீர்கள்

கேள்வி: முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், தேர்வு முடிவு வந்த இரவில், ஆசிரியை ஒருவரின் பேச்சு முறையைக் கேலி செய்து ஃபேஸ்புக்கில் எழுதினேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். யாரோ எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் இப்போது மறுபடியும் சுற்றுகிறது. ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரம் இது. எல்லாவற்றையும் பதினைந்து நாளில் இணையத்திலிருந்து நீக்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. முன்பணம் கட்டி, பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். பேசாமல் கணக்கையே அழித்துவிடலாமா?

பதில்: முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீதியை அதன் பிறகு படியுங்கள்.

மாற்றிவிட்டீர்களா? அது மட்டும் போதாது. கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். உங்கள் கைபேசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அடுத்து, கணக்கை மீட்பதற்கான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். இத்தகைய ஆட்கள் செய்யும் முதல் வேலையே அங்கே தங்கள் மின்னஞ்சல் ஒன்றைச் சேர்த்துவைப்பதுதான். நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் ‘மறந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்தி உள்ளே வந்துவிடுவார்கள். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு கைபேசிக்கு வரும் ஓர் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இப்போதே போடுங்கள். அதில் வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றி நான் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். உங்களைப் போல் பயந்துபோன மாணவர்கள்தாம் இவர்களுடைய பிழைப்பு. அடுத்தவர் கைபேசியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்கும் வித்தை உலகத்தில் யாரிடமும் கிடையாது. அப்படியானால் வாங்கிய பணத்துக்கு என்ன செய்கிறார்கள்? உங்கள் பதிவை உங்கள் பாஸ்வேர்டைக் கொண்டே அழிக்கிறார்கள். அதை நீங்களே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். வேறு யாராவது வெளியிட்டிருந்தால், அது உங்கள் பதிப்புரிமையை மீறியது என்று கூகுளுக்குப் பொய்ப் புகார் அனுப்புகிறார்கள், அதுவும் உங்கள் பெயரிலேயே. இதுதான் மிகவும் ஆபத்தானது. பதிப்புரிமைப் புகாரில் ‘நான் சொல்வது உண்மை’ என்று உறுதிமொழி தர வேண்டும். பொய் என்று தெரிந்தால் பொறுப்பு உங்களுடையது. கூகுள் தனக்கு வரும் இத்தகைய கோரிக்கைகளின் நகல்களை ‘லூமென்’ என்ற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. 2002 முதல் இயங்கும் தளம் அது. யார் எதை நீக்கச் சொன்னார்கள் என்பதை ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் அதில் தேடுகிறார்கள். மறைக்கப் போன விஷயம் உங்கள் பெயரோடு இன்னோர் இடத்தில் ஏறிவிடும்.

பாஸ்வேர்டு மாறியது தெரிந்ததும் அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். மீதிப் பணம் கட்டாவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவோம் என்றுகூடச் சொல்லலாம். பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கை அழிக்க வேண்டாம். அழித்தால் சுற்றிக்கொண்டிருக்கும் படம் நிற்காது. அசல் மட்டும்தான் போகும். ஃபேஸ்புக்கில் அழிப்பதாகச் சொன்ன பிறகும் மனம் மாறுவதற்கு 30 நாள் தருகிறார்கள், எல்லாம் முழுதாகப் போய்ச்சேர 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பது அனுப்பிய சுமார் இரண்டு நாளுக்குள்தான் பலிக்கும். மூன்று ஆண்டுகள் ஆன செய்திக்கு அந்தக் கதவு மூடியாயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில், உலாவியில் தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்து உங்கள் பெயரைத் தேடுங்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு எது தெரியுமோ அதுதான் உங்களுக்கும் தெரியும். பலருக்கு இங்கேயே பாதிப் பயம் போய்விடும். பதிவு தெரிந்தால் அதை மட்டும் நீக்குங்கள். பதிவை நீக்கிய பிறகும் தேடல் முடிவில் அதன் முதல் இரண்டு வரி தொங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குக் கூகுளிலேயே காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் வசதி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைக் கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை. ஆனால் அசலை நீக்கிய பிறகுதான் அது ஏற்கும், வரிசையை மாற்றாதீர்கள். பிறர் பக்கங்களில் நீங்கள் எழுதிய பின்னூட்டங்களும் ஃபேஸ்புக்கின் செயல்பாட்டுப் பதிவேட்டில் (Activity Log) வரிசையாக இருக்கும். அவற்றையும் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எதையும் நீக்கக் கூடாது. இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த ஆசிரியையோ வேறு யாருமோ பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்து, அது உங்களுக்குத் தெரியவந்திருந்தால், பதிவை நீக்காதீர்கள். விசாரணை என்று வந்த பிறகு நீக்கினால், ‘வெட்கப்பட்டு எடுத்துவிட்டான்’ என்று யாரும் எண்ண மாட்டார்கள். ஆதாரத்தை அழித்தான் என்றே எழுதுவார்கள். கேலி ஒரு குற்றச்சாட்டு என்றால் இது இரண்டாவது குற்றச்சாட்டு, முதலாவதைவிடப் பெரியது. மேலும், ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது முழுப் பதிவாக இருப்பது அரிது. மேலே கடிகாரமும் பாட்டரி அளவும் தெரியும், தேதி இருக்காது, கீழே நீங்கள் மறுநாள் வருந்தி எழுதிய வரி வெட்டுப்பட்டிருக்கும். மூன்று ஆண்டுக்கு முந்தையது என்று காட்ட அசல் ஒன்றுதான் சாட்சி. எனவே புகார் இருந்தால், ஃபேஸ்புக் தரும் ‘உங்கள் தகவல்களைப் பதிவிறக்கு’ வசதியால் முழு நகல் எடுங்கள். பதிவு யாருக்குத் தெரியலாம் என்ற இடத்தில் ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றுங்கள். மறைப்பது வேறு, அழிப்பது வேறு. மாற்றியதை விசாரணைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீக்கலாம் என்று அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகு நீக்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. புகார் உங்கள் மேல் இல்லாமல், அதைப் பரப்பிய நண்பர் மேல் இருந்தாலும் இதே விதிதான்.

மூடிய குழுதானே என்று இனியும் நம்பாதீர்கள். 2017இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்புக்குத் தேர்வாகியிருந்த குறைந்தது 10 பேரின் சேர்க்கையை ரத்து செய்தது. அவர்கள் பகிர்ந்த கேலிப் படங்கள் ஃபேஸ்புக்கின் மூடிய அரட்டைக் குழு ஒன்றில்தான் இருந்தன. குழுவில் எத்தனை பேரோ, அத்தனை வாசல்.

இதையெல்லாம் முதல் ஆண்டிலேயே உங்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் நடத்தை விதிகள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் விளக்க ஆள் இல்லை. மாணவர் மாட்டிக்கொண்ட பிறகு விசாரணைக் குழு அமைக்க மட்டும் ஆள் இருக்கிறது. சமூக ஊடக நிறுவனங்களோ, புகார் அனுப்பினால் எங்கள் விதிகளை மீறவில்லை என்று ஓர் எந்திரத்தை விட்டுப் பதில் எழுதவைக்கின்றன. உதவி கேட்க மனிதர் இல்லாத இந்த இடத்தில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. இவர்கள் எல்லார் மேலும் இருக்கிறது.

பகிரங்கமாக விளக்கம் எழுதவும் வேண்டாம். 2003இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட், தம் வீடு தெரிந்த ஒரு வான்வழிப் புகைப்படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தைப் பதிவிறக்கியது 6 முறை, அதில் 2 அவருடைய வழக்கறிஞர்களே செய்தவை. வழக்குச் செய்தி வெளியானதும் ஒரே மாதத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தளத்துக்குப் போனார்கள். உங்கள் விளக்கத்தைப் படிப்பவர்களில் பலர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்குத்தான் தேடுவார்கள்.

ஆனால் அந்த ஆசிரியைக்கு எழுதுங்கள். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் விண்ணப்பத்தைப் பற்றியே இருக்கிறது. அவருடைய பேச்சு முறை மறுபடியும் ஊர் சிரிக்கச் சுற்றுகிறது என்பதை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. விசாரணை எதுவும் இல்லையென்றால் நான்கு வரி மின்னஞ்சல் போதும்: இன்ன தேதியில் இதை எழுதியவன் நான், அது தவறு, நீக்கிவிட்டேன், மன்னியுங்கள். தேர்வு முடிவைப் பற்றியும் அன்றைய மனநிலையைப் பற்றியும் எழுத வேண்டாம். பரிந்துரைக் கடிதம் கேட்காதீர்கள். அவர் பதில் எழுதாவிட்டால் இரண்டாம் முறை தொந்தரவு செய்யாதீர்கள். நேர்காணலில் யாராவது பதிவைப் பற்றிக் கேட்டால், அந்த நான்கு வரியையே சொல்லுங்கள்.